நான் போடாத மாத்திரைகள்

பிரவீன், இந்தக் கடிதத்தை ஆபீஸ் போகிற கேபில் உட்கார்ந்து படிக்காதே. கம்ப்யூட்டருக்கு முன்னால் வைத்தும் படிக்காதே. உன் பி.ஜி. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படி. சுற்றி வளைத்தால் எனக்குத் தைரியம் போய்விடும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜனவரி மாதத்திலிருந்து நான் என் கேன்சர் மாத்திரையைப் போடவில்லை. தினமும் காலையில் கேபில் ஏறியதும் எனக்குப் போன் செய்து, "மாத்திரை போட்டியாம்மா?" என்று கேட்பாய். "போட்டேன்டா" என்பேன். நாலு மாதமாக ஒரு நாள் விடாமல் நீ கேட்டாய், ஒரு நாள் விடாமல் நான் பொய் சொன்னேன். அது வெளியே வந்துவிடக் கூடாதே என்று இன்னொரு பொய் சொன்னேன். அந்த இரண்டாவது பொய்யை ஷாலினியின் தலையில் போட்டேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

செவ்வாய்க்கிழமை நீ போனில் சொன்னது காதிலேயே நிற்கிறது. "ஃபாதர்கிட்ட சொல்லி ரெண்டாவது ஓலையை நிறுத்திடும்மா. உன்னை மதிக்கத் தெரியாத பொண்ணு எனக்கு வேணாம்." போன ஞாயிறு கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசித்தபோது, உன் பெயரையும் அவள் பெயரையும் சொல்லி, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தால் அறிவிக்கவும் என்று ஃபாதர் கேட்டாரே, அப்போது நான் இரண்டாவது பெஞ்சில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தேன். முந்தின நாள் நடந்தது என்ன என்று அந்தக் கோயிலில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு வியாழன். ஞாயிறு இரண்டாவது ஓலை வாசிப்பார்கள், சனிக்கிழமை மாலைக்குள் ஃபாதரிடம் ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டும்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி. ஆபரேஷன் முடிந்து, கரண்ட் வைப்பது என்கிற ரேடியேஷனும் முடிந்து, டாக்டர் இந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தபோது நீதான் பக்கத்தில் இருந்தாய். மாதவிலக்கு நின்ற பிறகும் பெண் உடம்பில் கொஞ்சம் ஹார்மோன் ஊறிக்கொண்டே இருக்கும், எனக்கு மார்பில் வந்த கட்டி அதைத் தின்று வளர்கிற ஜாதி, அது ஊறாமல் தடுக்கத்தான் இந்த மாத்திரை, குறைந்தது ஐந்து வருடம் விடக்கூடாது என்று சொன்னார்கள். தினமும் ஒரே ஒரு சின்ன மாத்திரை. கீமோ இல்லை, முடி கொட்டாது என்று நாம் மூன்று பேரும் சந்தோஷப்பட்டு, வரும் வழியில் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். அந்தச் சின்ன மாத்திரை என்னை என்ன பாடு படுத்தும் என்று அன்றைக்கு நமக்கு யாருக்கும் தெரியாது.

மூன்றாவது மாதத்தில் ஆரம்பித்தது. காலையில் கட்டிலைவிட்டு இறங்கினால் பாதம் தரையில் ஊன்றாது. சுவரைப் பிடித்துப் பிடித்து பாத்ரூம் போக வேண்டும். விரல்கள் மடங்கினால் நிமிராது, வலது கைப் பெருவிரலை இடது கையால் பிடித்து இழுத்துத்தான் நிமிர்த்துவேன், டக்கென்று ஒரு சத்தத்தோடு வரும். பிறகு அந்தச் சூடு. உள்ளே யாரோ அடுப்பைப் பற்றவைத்த மாதிரி நெஞ்சிலிருந்து கழுத்துக்கு ஏறி, முகம் எரிந்து, ஐந்து நிமிடத்தில் ரவிக்கை நனைந்து, அதற்கப்புறம் குளிரில் உடம்பு வெடவெடக்கும். பஸ்ஸில் வரும், பூசையில் வரும், பால்காரரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதும் வரும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று உன் அப்பா கல்யாணமான புதிதிலிருந்து சொல்கிறார். மாத்திரை போட்ட அந்த இரண்டு வருடம் நான் பட்ட கோபத்தில் பாதி என்னுடையதே இல்லை.

ஷாலினியைப் பார்க்க நவம்பரில் அடுகோடிக்குப் போனோமே, நினைவிருக்கிறதா. கீழே அவள் அப்பாவின் லேத் பட்டறை, மேலே வீடு. பாவம், அன்றைக்கு மெஷினை எல்லாம் நிறுத்திவிட்டு, படிக்கட்டைக் கழுவிவிட்டு நமக்காகக் காத்திருந்தார்கள். காபியை வாயில் வைத்ததும் எனக்குச் சூடு கிளம்பிவிட்டது. அவள் அம்மா ஓடிவந்து ஃபேனை என் பக்கம் திருப்பினார். "ஃபேனும் வேணாம் ஒண்ணும் வேணாம், கிளம்பலாம்" என்று எழுந்துவிட்டேன். அவள் அப்பா முகம் செத்துப்போனது. வீடு சின்னதாக இருக்கிறது என்று நான் முகம் சுளித்ததாக அவர் நினைத்துக்கொண்டார். ஆட்டோவில் நீ என்னைத் திட்டினாய், "பெரிய ரிச்சர்ட்ஸ் டவுன் மகாராணியா நீ?" என்று கேட்டாய். உள்ளே நெருப்பாக எரிகிறதடா என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நான் ஓசூர் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நம் வீட்டுப் பழக்கம்தான், வேறென்ன. காய்ச்சல் வந்தாலும் கால் சுளுக்கினாலும் ஆண்டவருக்கு ஒப்புக்கொடு, வாய்விட்டுச் சொன்னால் அதன் பலன் போய்விடும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். அந்த வலியை எல்லாம் உனக்காக ஒப்புக்கொடுத்தேன். உனக்கு நல்ல வேலை நிலைக்க வேண்டும், நல்ல பெண் அமைய வேண்டும் என்று விரலை இழுத்து நிமிர்த்தும்போதெல்லாம் சொல்வேன். ஷாலினி அமைந்ததும், பார்த்தாயா, என் வலிக்குப் பலன் கிடைத்துவிட்டது என்றுகூட நினைத்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை டாக்டர், "தொந்தரவு ஏதாவது இருக்கா?" என்று கேட்பார். "ஒண்ணுமில்ல டாக்டர், நல்லா இருக்கேன்" என்பேன். வெளியே வராந்தாவில் முடி கொட்டி, வாந்தி எடுத்து, வீல் சேரில் உட்கார்ந்திருக்கிறவர்களைத் தாண்டித்தானே உள்ளே போனேன். உயிர் பிழைத்து வந்தவள் பெருவிரல் நிமிரவில்லை என்று போய்ச் சொல்வதா என்று வெட்கமாக இருந்தது. கடவுளுக்குச் சொன்னதை டாக்டருக்கும் சொல்லியிருக்க வேண்டும். அது எனக்கு உறைக்க இரண்டு வருடம் ஆகிவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. மகனிடம் எழுதுகிற விஷயம் இல்லை என்று பேனாவை இரண்டு முறை கீழே வைத்தேன். எழுதத்தான் போகிறேன், நீயும் ஒருத்திக்குப் புருஷனாகப் போகிறவன். அந்த மாத்திரை உடம்பை உள்ளே காயப்போட்டுவிடும். அப்பா பக்கத்தில் வந்தாலே எனக்குப் பயம், தொட்டால் எரிச்சல். ஏன் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. ஃபேன் சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்று பொய் சொல்லி அவரை உன் அறையில் படுக்கச் சொன்னேன். அவர் தலையணையை எடுத்துக்கொண்டு போனார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் மேல் எனக்கு வெறுப்பு என்று அந்த மனிதர் ஒன்றரை வருடம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நேற்றுத்தான் எனக்கே தெரிந்தது.

டிசம்பரில் ஒரு கல்யாண கேக் ஆர்டர் வந்தது, நம் கோயில் வீட்டார்தான். இருபத்தைந்து வருடமாக இந்தப் பக்கத்துக் கல்யாணங்களுக்கு ஐசிங் பண்ணுகிறவள், அந்த கேக்கின் விளிம்பில் கோடு போட முடியாமல் நின்றேன். ஐசிங் நிரப்பிய பைப்பிங் பையை அழுத்தினால் பெருவிரல் மடங்கி மாட்டிக்கொள்ளும், கோடு பாதியில் அறுந்துபோகும். சுரண்டி எடுத்து மறுபடி போட்டு, மறுபடி சுரண்டி, கடைசியில் கோணலாகவே அனுப்பினேன். பெண்ணின் அம்மா நல்லவர், "பரவால்ல ஆன்ட்டி, யாரு கிட்ட வந்து பாக்கப் போறாங்க" என்றார். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டு வந்திருப்பேன், அந்தப் பரவாயில்லையைத்தான் தாங்க முடியவில்லை. அந்த வாரம்தான் நீயும் ஷாலினியும் வந்து, மே மாதம் கல்யாணம், கேக் அம்மாதான் பண்ண வேண்டும், வெள்ளை ரோஜா வைத்து மூன்று அடுக்கு வேண்டும் என்றீர்கள். "வேற யாரு பண்ணுவா?" என்று பெரிதாகச் சொல்லிவிட்டேன்.

புத்தாண்டு முடிந்ததும் மாத்திரையை நிறுத்தினேன். கல்யாணம் வரைக்கும்தானே, நாலு மாதத்தில் என்ன ஆகிவிடப் போகிறது, பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று எனக்கு நானே டாக்டரானேன். ஏப்ரலில் செக்கப்புக்குப் போக வேண்டியதையும், கல்யாண வேலை இருக்கிறது என்று சொல்லித் தட்டிவிட்டேன். உன்னிடம் இதை மறைக்க மாட்டேன், எனக்குச் சுகமாக இருந்தது. ஆறேழு வாரத்தில் பாதம் தரையில் ஊன்றியது. ஒரு நாள் காலையில் தேங்காய் உடைத்துத் துருவி முடித்த பிறகுதான் விரல் வலிக்கவில்லை என்று கவனித்தேன். சமையலறையில் நின்று அழுதேன். சர்க்கரை ரோஜாக்களைச் செய்து காயவைக்க ஆரம்பித்தேன், ஒவ்வொரு இதழும் தாள் மாதிரி மெல்லிசாக வந்தது. ஆனால் குளிக்கும்போது மட்டும் பயம். சோப்பு போடுகிற கை அக்குளுக்குப் போனதும் நின்றுவிடும். ஒரு நாள் ஏதோ தட்டுப்படுகிற மாதிரி இருக்கும், மறுநாள் இருக்காது. யாரிடம் கேட்பது. கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்குமே.

நீ வாங்கிக் கொடுத்த மாத்திரை அட்டைகளைப் பிரிக்காமல் ஐசிங் நாசில் போடுகிற பழைய பிஸ்கட் டப்பாவில் வைத்தேன். அதை உன் அப்பாவும் தொட மாட்டார், நீயும் தொட மாட்டாய். போன சனிக்கிழமை ஷாலினி ரோஜாக்களைப் பெட்டியில் அடுக்க வந்தாள். ஒரு ரோஜா உடைந்துவிட்டது, அதைச் சரிபண்ண, "அந்த நீல டப்பாவை எடும்மா" என்று நான்தான் சொன்னேன். நன்றாகக் கவனி பிரவீன், நான்தான் எடுக்கச் சொன்னேன். சரிபண்ணுகிற சாமான் இருந்த புது டப்பாவும் நீலம், மாத்திரை இருந்த பழையதும் நீலம். அவள் பழையதைத் திறந்துவிட்டாள். அட்டைகளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆன்ட்டி, இதுல ஒண்ணுகூடப் பிரிக்கலையே" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், பயந்துபோய்ச் சொன்னாள்.

எனக்கு எங்கிருந்து அந்த வெறி வந்தது என்று தெரியவில்லை. கையிலிருந்து பிடுங்கினேன். "இன்னும் இந்த வீட்டுக்கு மருமகளா வரல, அதுக்குள்ள அலமாரியைக் குடையறியா? லேத் பட்டறையில வளர்ந்தவளுக்கு இதெல்லாம் எங்க தெரியும்?" என்று கத்தினேன். எழுதும்போதே கூசுகிறது, ஆனால் அதே வார்த்தைதான் சொன்னேன். அவள், "போடுங்க ஆன்ட்டி, இப்பவே ஒண்ணு போடுங்க, ப்ளீஸ்" என்று மட்டும் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்து, பிரவீனிடம் சொல்ல மாட்டேன் என்று மாதா மேல் சத்தியம் செய்யச் சொன்னேன். அழுதுகொண்டே சத்தியம் செய்துவிட்டுப் போனாள். அரை மணி நேரத்தில் நீ வந்து, "எங்கம்மா ஷாலு?" என்று கேட்டாய். அலமாரியைக் குடைந்தாள், கேட்டதற்கு எதிர்த்துப் பேசிவிட்டுப் போனாள் என்றேன். நீ நம்பினாய். நான் சொன்னால் நீ நம்புவாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ அவளிடம் கேட்டபோது, "உங்க அம்மாகிட்டயே கேளு" என்றாளாம். திமிர் என்று நீ சொன்னாய். டேய், அந்தப் பெண் சொல்வதற்கு வேறு வார்த்தை ஏதும் நான் விட்டுவைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் சத்தியம் போகும், பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

திங்கட்கிழமை அவள் வந்தாள். அவள் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடத்துக்கு இப்போது லீவுதானே, தனியாக பஸ் ஏறி வந்திருந்தாள். நான் கதவைத் திறந்துவிட்டு வழியை மறித்து நின்றேன். "நான் யார்கிட்டயும் சொல்லல ஆன்ட்டி, சொல்லவும் மாட்டேன். ஆனா நீங்க டாக்டர்கிட்ட வரணும்" என்றாள். நீ எனக்குப் புத்தி சொல்ல வந்தாயா என்று கேட்டுத் துரத்தினேன். செவ்வாய்க்கிழமை நீ கல்யாணத்தை நிறுத்தச் சொன்னாய். அவளிடமும் சொல்லியிருக்கிறாய். அதற்குப் பிறகு அவள் வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். நேற்று, புதன்கிழமை, காலை ஒன்பது மணிக்கு மறுபடியும் வாசலில் நின்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "அவன் வேணாம்னு சொல்லிட்டான். அதுக்காக நீங்க மாத்திரை போடாம இருக்கறத நான் பாத்துட்டு இருக்க முடியுமா? டோக்கன் போட்டிருக்கேன், கிளம்புங்க" என்றாள். நான் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாதம், விரல், சூடு, அப்பாவைத் தள்ளிவைத்தது, நிறுத்தியது, எல்லாம். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. என் பெருவிரலைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். "இது அந்த மாத்திரையால வர்றதுதான். நிறைய பேருக்கு வருது. நீங்க சொல்லியிருந்தா ரெண்டு வருஷம் முன்னாலயே மாத்திக் கொடுத்திருப்பேன். அதே வகையில வேற இருக்கு, அதுவும் ஒத்துக்கலைன்னா வேற வகையே இருக்கு. உள்ள காயறதுக்கும் மருந்து இருக்கு. நீங்க ஏன் நல்லா இருக்கேன்னு சொன்னீங்க?" என்றார். இரண்டு வருடம் பொறுத்துக்கொண்டேன் என்று பெருமைப்பட்டது எல்லாம் அந்த ஒரு கேள்வியில் போய்விட்டது. புது மாத்திரை எழுதிக் கொடுத்தார், இன்று காலை முதல் மாத்திரையைப் போட்டேன். அக்குளில் தட்டுப்படுவதைப் பற்றிக் கேட்டேன். அழுத்திப் பார்த்தார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "திங்கட்கிழமை மேமோகிராமும் ஸ்கேனும் எடுத்துட்டு வாங்க. நாலு மாசம் விட்டதால என்ன ஆச்சு, ஆகலைன்னு பாக்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றார். அவ்வளவுதான் எனக்கும் தெரியும். உனக்குப் பயமாக இருக்கும், எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

நேற்று மாலை அப்பாவிடம் சொன்னேன். தட்டில் கை வைத்தபடி கேட்டார், சாப்பிடாமல் எழுந்து வெளியே போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்து, "உனக்கு என்னைப் புடிக்கலன்னு இருந்தேன்" என்றார். பிறகு, "திங்கட்கிழமை நானும் வரேன்" என்றார். இந்தக் கடிதத்தை எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கொண்டுவந்து உன் கையில் கொடுக்கப்போவதும் அவர்தான். அவரிடம் ஒன்றும் கேட்காதே, சாப்பிட்டாரா என்று மட்டும் கேள்.

உனக்கு நான் சொல்லிக்கொள்வது ஒன்றுதான். மாத்திரை போட்டியா என்று நீ தினமும் கேட்டாய், அது அன்பில்லாமல் இல்லை. ஆனால் அதற்குப் போட்டேன் என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துபோகும். போட்டால் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டிருந்தால் நான் உடைந்திருப்பேனோ என்னவோ. உன்னைக் குறை சொல்லவில்லை. கேட்டாலும் மறைத்திருப்பேன், நான் அப்படிப்பட்டவள்தான். நாளைக்கு உன் வீட்டில் ஒருத்தி ஒன்றுமில்லை என்று சொன்னால், அந்த ஒன்றுமில்லையை நம்பிவிட்டுப் போனைப் பார்க்காதே. அவள் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடியும் கேள். திட்டினாலும் கேள்.

என்னை மன்னிப்பதற்கு அவசரம் இல்லை, கோபம் தீர எவ்வளவு நாள் ஆனாலும் ஆகட்டும். இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் செய்யாதே. நேராக அடுகோடிக்குப் போ. அவள் அப்பாவையும் அம்மாவையும் வைத்துக்கொண்டு, தப்பு எங்கள் வீட்டுடையது என்று சொல். லேத் பட்டறை என்று நான் பேசியதற்கு நானே வந்து அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன், அதை நீ கேட்க வேண்டாம்.

நேற்று ஆஸ்பத்திரியில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். உள்ளே போவதற்கு முன்னால் கவுண்டரில் இருந்த பெண் என் பேப்பரில் எழுதிக்கொண்டே, கூட வந்திருப்பவர் உங்களுக்கு என்ன உறவு என்று கன்னடத்தில் கேட்டாள். "இவரு நிமகே ஏனாகபேக்கு?" நான் ஷாலினியைப் பார்த்தேன். அவள் சட்டென்று தலையைக் குனிந்து பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். முந்தின நாள்தான் நீ அவளை வேண்டாம் என்றிருக்கிறாய், அவள் என்ன சொல்வாள். அந்தப் பெண் பேனாவோடு காத்திருந்தாள். "நன்ன சொசெ" என்றேன். என் மருமகள். அவள் எழுதிக்கொண்டாள். இந்த நாலு மாதத்தில் நான் எத்தனையோ பொய் சொல்லிவிட்டேன், பிரவீன். இதைப் பொய்யாக்கிவிடாதே.

அம்மா